அவர் கேட்டிராத அதிகாரம்

பேருந்து நிலையத்தில் அவளுக்கு மைக் அக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் பிழைத்திருந்தது. எந்த வண்டி எந்த மேடையில் நிற்கும், எது தாமதம், எது ரத்து என்பதெல்லாம் ஒரு கண்ணாடி அறைக்குள்ளிருந்து அவள் குரலில்தான் ஊருக்குத் தெரியவந்தது. வீறிட்டு அழுகிற குழந்தைகூட ஒரு நொடி நிறுத்திவிட்டுக் கேட்கும். "அக்கா வண்டி லேட்டுன்னு சொன்னா மட்டும் யாருக்கும் கோபம் வரமாட்டேங்குது" என்பார் டிக்கெட் கவுண்டர்காரர். நிர்வாகத்துக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

அந்தக் குரலை வைத்துத்தான் அவள் வீட்டுக்காரர் அவளைக் கண்டுபிடித்தார். அவருக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டர். நிலையத்தில் யாராவது மயங்கி விழுந்தால் ஆம்புலன்ஸுக்கு இவள் போன் செய்வாள், அவர் எடுப்பார். ஒருநாள் வண்டியை அனுப்பிவிட்டு, "நீங்க இன்னும் சாப்பிடலையா? குரல் இறங்கியிருக்கே" என்று கேட்டார். இவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்றைக்கு அவள் சாப்பிட்டிருக்கவில்லை. அதற்குப் பிறகு நிலையத்தில் யாருக்கும் தலைகூடச் சுற்றாத நாட்களிலும் ஆஸ்பத்திரிக்குப் போன் போயிற்று. மிச்சத்தை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

கல்யாணமான புதிதில் அவர் அவளிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "சாயங்காலம் எனக்குக் கொஞ்சம் வேதம் படிச்சுக் காட்டுவியா?" அதுவரை அவர் வேதத்தைத் துண்டு துண்டாகத்தான் கேட்டிருந்தார். சபையில் வாசிக்கிற பகுதிகள், படித்த காலத்தில் விடுதியில் யாராவது மனமிரங்கிப் படித்த சில பக்கங்கள், அவ்வளவுதான். விரலால் தடவிப் படிக்கிற புள்ளி எழுத்தில் முழு வேதத்தையும் அச்சடித்தால் ஒரு அலமாரி நிறையும். அவர் கைக்கு அதில் ஒரு பகுதிகூட எட்டவில்லை. ஒலிநாடாக்கள் வந்தன. அவற்றில் படிக்கிறவருக்குப் பின்னால் ஒருவர் விடாமல் புல்லாங்குழல் ஊதிக்கொண்டிருந்தார். "கடவுள் பேசறப்போ நடுவுல இவன் எதுக்கு ஊதறான்?" என்று அவர் அதை ஓரங்கட்டிவிட்டார்.

ஆகவே மைக் அக்கா படித்தாள். நாள் முழுக்கக் கத்திவிட்டு வந்த தொண்டைக்கு ஒரு டம்ளர் வெந்நீர் ஊற்றிவிட்டு உட்காருவாள். ஆரம்பத்திலிருந்து கடைசிவரை படித்து முடித்தால் மறுபடி ஆரம்பத்துக்கு வருவாள். அவர் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்து, வாய் லேசாகத் திறந்திருக்க, கேட்பார். எத்தனையோ பேருக்குக் குரல் கொடுத்தவள்தான், ஆனால் இப்படி ஒருத்தர் கேட்டு அவள் பார்த்ததே இல்லை. அந்த முகத்தைப் பார்த்தால் அவளுக்கு உடம்பு சிலிர்க்கும்.

முதல் சுற்றிலேயே அது நடந்தது. அன்று அவர் துள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். சபையில் வாரா வாரம் முன்னால் நின்று ஜெபத்தை நடத்தச் சொல்லி அவரைக் கேட்டிருந்தார்கள். "என்னையா! என்னைப் போய்க் கேட்டிருக்காங்க!" என்று சட்டையைக்கூட மாற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து, "ம், படி" என்றார். அன்றைக்குப் படிக்க வேண்டிய இடத்தில் பலிபீடத்துக்குப் பக்கத்தில் யார் போகலாம், யார் போகக்கூடாது என்ற சட்டங்கள் வந்தன. அறிவிப்பு செய்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வாய் ஒரு வரியில் இருக்கும்போதே கண் அடுத்த வரிக்குப் போய்விடும். அப்படி அவள் கண் முன்னால் போய்ப் பார்த்தது. உடம்பில் குறை உள்ளவன் கிட்டே வரக்கூடாது என்றிருந்தது. அதற்குக் கீழே குறைகளின் பட்டியல். பட்டியலின் முதல் ஆள் குருடன்.

ரத்தான வண்டியை அறிவிப்பிலிருந்து எடுத்துவிடுகிற மாதிரி, குரலில் ஒரு பிசிறு இல்லாமல் அடுத்த அதிகாரத்துக்குத் தாண்டிவிட்டாள். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. ஞாயிறன்று முன்னால் போய் நின்று ஜெபம் செய்தார். கேட்டவர்கள் கண் கலங்கினார்கள்.

ஒன்று தாண்டியவளுக்கு இரண்டாவது சுலபம். பார்வை போவது தண்டனையாக வரும் இடங்கள், திட்டாக வரும் இடங்கள் எல்லாவற்றையும் தாண்டினாள். அந்தச் சொல்லையே அவள் வீட்டுக்குள் விடவில்லை. கதைகளில் வந்தால், "பார்வையில்லாத ஒருவர்" என்று மரியாதையாக மாற்றிப் படித்தாள். கண் திறந்த அற்புதங்களை மட்டும் சற்று வேகமாகப் படித்தாள், அவர் மனசில் வீண் ஆசை முளைத்துவிடக் கூடாதே என்று. சபையிலும் அந்தச் சட்டப் பகுதியை யாரும் வாசிக்கிறதில்லை. அவரவருக்கு அவரவர் பிழைப்பு. இப்படியே வருஷங்கள் ஓடின. ஜெபம் நடத்தும் இடம் அவருடைய இடம் என்றே ஆகிவிட்டது. அந்த ஒரு பட்டியல் அவர் காதில் விழுந்தால் பிறகு அவர் அங்கே போய் நிற்கவே மாட்டார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அவரை அவளுக்குத் தெரியும். அழையாத வீட்டு வாசலை மிதிக்காத மனுஷர்.

பிறகு அவள் தொண்டையில் ஒரு கட்டி வந்தது. வெட்டி எடுத்தார்கள். கட்டி போயிற்று, போகும்போது குரலையும் கூட்டிக்கொண்டு போயிற்று. நல்ல டாக்டர், நல்ல சிகிச்சை, யாரையும் குறை சொல்வதற்கில்லை. நரம்பு அங்கே அப்படி ஒட்டியிருந்ததாம். உயிர் தப்பியது பெரிது என்றார்கள். பேசினால் காற்று வந்தது, அவ்வளவுதான். நிலையத்தில் அவளைத் தொலைந்த பொருட்கள் அறைக்கு மாற்றினார்கள். குடைகள், ஒற்றைச் செருப்புகள், யாரோ மறந்துவிட்டுப் போன ஒரு பல்செட். பேசாமல் பார்க்கக்கூடிய வேலை.

வீட்டில் அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஆனால் சாயங்காலம் அந்த நேரம் வந்ததும் கால்கள் தானாக நாற்காலிக்கு வரும். உட்காருவார். கொஞ்ச நேரம் கழித்து ஞாபகம் வந்து எழுந்து போவார். சண்டை போட்டிருந்தால்கூட அவளால் தாங்கியிருக்க முடியும். இதைத் தாங்க முடியவில்லை. பின்னால் என்ன ஆகும் என்று யோசிக்காமலே தம்பியின் கடைக்குப் போனாள்.

தம்பிக்குக் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. வாய் காதுவரை நீளம். "மாமாவுக்கு வேதம் படிச்சுக் காட்ட மென்பொருளா? காசே வேண்டாங்க்கா, இலவசமாவே கொட்டிக் கிடக்கு" என்று ஒரு பழைய மடிக்கணினியைத் தட்டித் துடைத்து எடுத்துக்கொண்டு ஞாயிறு மத்தியானம் வந்தான். அவன் வாசலில் வந்து நின்றபோதுதான் அவளுக்கு உறைத்தது. இயந்திரத்துக்குத் தாண்டத் தெரியாது.

முதலில் செல்போனில் ஒன்றைப் போட்டான். கணீரென்ற ஆண் குரல். ராஜா ஒருவர் மகனைப் பறிகொடுத்துக் கதறி அழுகிற இடம். அழுகைக்கு நடுவில் ஒரு பெண் குஷியாக, "முடி கொட்டுகிறதா? கவலை வேண்டாம்!" என்றாள்.

"ராஜாவுக்கு இப்ப அது ஒண்ணுதான் குறைச்சல்" என்றார் வீட்டுக்காரர்.

"இலவசம்னா விளம்பரம் வரத்தான் செய்யும், மாமா."

"அது மட்டுமில்லப்பா. எங்க தொட்டாலும் திரையைப் படிக்கிற குரல் பட்டன், பட்டன்னு மட்டும் சொல்லுது. எந்த பட்டன்னு சொல்ல மாட்டேங்குது. பேரே வைக்காம பெத்துப் போட்டிருக்கான்."

இரண்டாவது மென்பொருள் ஆளை மயக்குகிற ரகம். தினமும் தானே ஒரு வசனத்தைத் தேர்ந்தெடுத்து, ஆறுதலான குரலில் படித்து, அன்றைக்கு நல்லது நடக்கும் என்று வாழ்த்தியும் அனுப்பியது. முழு வேதத்தையும் கேட்க வேண்டுமானால் ஆயிரத்தெட்டு இடத்தில் தட்ட வேண்டும். மைக் அக்காவுக்கு அது அப்படியே பிடித்துப்போயிற்று. தன்னை மாதிரியே ஒருத்தி உள்ளே உட்கார்ந்து பார்த்துப் பார்த்துப் படிக்கிறாள் என்று தோன்றியது. "இதையே வச்சுக்கலாமே" என்று காற்றாகச் சொன்னாள்.

அவர் முகம் சுளித்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா திட்டவே மாட்டேங்குதே? வேதம்னா நாலு திட்டு வேண்டாமா?"

மூன்றாவதை மடிக்கணினியில் போட்டான் தம்பி. "இது கட்டற்ற மென்பொருள், மாமா. எங்கெங்கேயோ இருக்கிறவங்க சேர்ந்து எழுதி, யாரு வேணும்னாலும் எடுத்துக்கங்கன்னு விட்டிருக்காங்க. உள்ள எப்படி ஓடுதுன்னு திறந்து பார்க்கலாம், வேணும்னா மாத்திக்கலாம். நெட்டும் வேண்டாம்."

"விளம்பரம்?"

"கிடையாது."

"அப்ப அவங்களுக்கு என்ன ஆதாயம்?"

தம்பி தலையைச் சொறிந்துகொண்டு மடிக்கணினியை அவர் பக்கம் நகர்த்தினான்.

ஆஸ்பத்திரியில் திரையைப் படித்துச் சொல்கிற இயந்திரக் குரலோடுதான் அவருக்கு வேலை, அதனால் விசைப்பலகை அவர் விரல்களுக்குப் பழக்கம். ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். புத்தகங்களின் வரிசை, அதிகாரம், முன்னால், பின்னால், தேடு. எல்லாவற்றுக்கும் பெயர் இருந்தது. "இங்க பாரு," என்றார். "என்னை மாதிரி ஒருத்தன் வந்து தொடுவான்னு நினைச்சு, ஒண்ணு விடாம பேர் வச்சிருக்காங்க. நான் யாருன்னே அவங்களுக்குத் தெரியாது."

பிறகு ஒரு எண்ணை அடித்தார். நினைத்த அதிகாரம் வந்து நின்றது. இன்னொன்றை அடித்தார், அதுவும் வந்தது. கடைசிப் புத்தகத்துக்குப் போனார், முதல் புத்தகத்தின் முதல் வரிக்குத் திரும்பினார். அந்த வயசில் அவர், யாரையும் கூப்பிடாமல், யாருக்கும் நன்றி சொல்லாமல், வேதத்துக்குள் தானாக நடந்து போகிறது அன்றுதான் முதல் தடவை. நெற்றியில் வியர்வை. சின்னப் பிள்ளை சைக்கிள் ஓட்டுகிற மாதிரி விழுந்து எழுந்து போய்க்கொண்டே இருந்தார். மைக் அக்கா சுவரில் சாய்ந்து நின்றாள். பயமெல்லாம் ஒரு பக்கம் இருக்க, பிரமித்துப் போனாள். இத்தனை வருஷமாக அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனதாக நினைத்துக்கொண்டிருந்தாளே, இவர் ஓடுகிற ஆளல்லவா!

"தேடிப் பாருங்க, மாமா. எந்த வார்த்தை வேணும்னாலும் போடலாம்."

அவருக்கு ரொம்பப் பிடித்த கதை ஒன்று உண்டு. பாதையோரம் உட்கார்ந்திருந்தவன், சும்மா இருடா என்று ஊரே அதட்டியும் கேட்காமல் கூவிக் கூப்பிட்ட கதை. அவள் படித்துக் கேட்ட மாதிரியே அவர் "பார்வையில்லாத" என்று அடித்தார்.

இல்லை என்றது இயந்திரம்.

மறுபடி அடித்தார். இல்லை. "ஒரு இடத்துலகூடவா இல்ல? எத்தனையோ இருக்கே!"

தம்பி திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். "ஓசில கிடைக்கிறது ஓட்டையாத்தான் இருக்கும் போல. விடுங்க மாமா, அந்த ரெண்டாவதையே போட்டுடலாம்."

அவர் கை விசைகளின் மேலிருந்து மெல்ல இறங்கி மடிக்கு வந்தது. "பாதி வேதத்தை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? சரி, அதையே போடு" என்றார்.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. மைக் அக்கா வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்தால் போதும். பழி இயந்திரத்தின் மேல். ஆறுதல் வசனம் தினமும் ஒன்று. பட்டியல் கடைசிவரை வெளியே வராது. அவள் மடியில் இறங்கிய அந்தக் கையைப் பார்த்தாள். கொஞ்சம் முன்னால் அந்தக் கை போன வேகத்தையும் நினைத்தாள். நல்ல மென்பொருளின் மேல் அநியாயமாகப் பழி விழுவதும் பிடிக்கவில்லை. ரத்துக்கும் தாமதத்துக்கும் டிரைவரைத் திட்டுகிறவர்களைப் பார்த்து நொந்தவள் அவள்.

கிட்டே போய், அவர் காதருகில் குனிந்து, "வேற வார்த்தை போடுங்க" என்றாள். "குருடன்னு போடுங்க."

அந்தச் சொல் அவள் வாயிலிருந்து அவர் காதுக்குப் போனது அதுவே முதல் தடவை. அவர் ஒரு கணம் திரும்பினார். பிறகு அடித்தார். இயந்திரம் எண்ணிக்கை சொல்லிவிட்டு, ஒவ்வொன்றாக எடுத்து வைக்க ஆரம்பித்தது.

"நீ மாத்திப் படிச்சியா?"

"கொஞ்சம்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "வேதத்துக்கே மரியாதை சொல்லிக் குடுத்தவ என் பொண்டாட்டி! தம்பி, இதையே வச்சுட்டுப் போ. ஆரம்பத்துலேர்ந்து கேட்கப்போறேன்."

அவள் சிரிக்கவில்லை. மாற்றியது அவருக்குத் தெரிந்துவிட்டது. தாண்டியது தெரியவில்லை.

மறுநாள் உணவு இடைவேளையில் தம்பி கடைக்கு ஓடினாள். "உள்ள திறந்து மாத்தலாம்னியே, வேத எழுத்தையுமா?" அவர் ஆஸ்பத்திரியில் இருக்கும் நேரம் பார்த்துத் தம்பியை வீட்டுக்குக் கூட்டிவந்தாள். அவன் ஒரு கோப்பைத் திறந்தான். வேதம் முழுவதும் சாதாரண எழுத்தாக ஓடிற்று. அவள் சொன்ன அதிகாரத்தில் நிறுத்தினான். குனிந்து படித்தவன் முதல் வரியிலேயே நிமிர்ந்துகொண்டான், அதற்குமேல் பார்க்கவில்லை.

"சரிக்கா. நீ சொன்னா எடுத்துடறேன். எண்ணைக்கூடச் சரி பண்ணிடலாம். மாமாவுக்குச் சாகறவரைக்கும் தெரியாது."

அந்தக் கடைசி வார்த்தைதான் அவளை உலுக்கிவிட்டது. இத்தனை வருஷமும் அவள் தாண்டினாள், உண்மை. ஆனால் தாண்டிய பக்கம் புத்தகத்தில் இருந்தது. வேறு யாரிடமாவது அவர் கேட்டிருந்தால் படித்துக் காட்டியிருப்பார்கள். இப்போது முழு வேதமும் தன் கையில் இருக்கிறது என்று அவர் நம்பித் தடவிக்கொண்டு போகிறார். அந்தப் பாதையில் தானே ஒரு குழி தோண்டி மூடி வைப்பதா? அதுவும், முகம் தெரியாத யாரோ அவரை நினைத்துப் பட்டன் பட்டனாகப் பெயர் வைத்துக் கொடுத்த ஒன்றில்? அவள் மடிக்கணினியை மூடினாள். "டீ குடிச்சுட்டுப் போ" என்று மட்டும் சொன்னாள்.

அவர் கேட்க ஆரம்பித்தார். எப்படிக் கேட்டார் என்கிறீர்கள்! பழகிய காது, ஆகவே இயந்திரக் குரலின் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனார். தகரத்தில் அரிசியைக் கொட்டுகிற சத்தம்தான் அவளுக்குக் கேட்டது, ஒரு சொல் பிடிபடவில்லை. அவர் அதில் சிரிக்கிறார், உச்சுக் கொட்டுகிறார், "அடேங்கப்பா!" என்கிறார். ஒரு மனுஷக் காதால் இப்படியும் முடியுமா என்று அவள் கரண்டியும் கையுமாக நின்று பார்த்தாள். வியப்பு ஒரு கண், பயம் ஒரு கண். எந்த இடம் ஓடுகிறதென்றே தெரியாமல் எதற்கென்று காத்திருப்பது? "எங்க இருக்கீங்க?" என்று அடிக்கடி கேட்டாள். அவர் சொன்ன இடம் ஒவ்வொரு நாளும் கிட்டே வந்துகொண்டிருந்தது.

ஒரு ஞாயிறு, சபையிலிருந்து வந்து சாப்பாடு முடிந்த பிறகு, அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் அரிசி கொட்டுகிற சத்தம் சட்டென்று நின்றது. விசைகள் தட்டப்பட்டன. பிறகு, பல நாட்களில் முதல்தடவையாக, இயந்திரம் நிதானமாகப் பேசிற்று. ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக அடுப்படிவரை வந்தது. பலிபீடம். குறை. குருடன்.

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. குழாயை முழுதாகத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்துக்குள் நின்றுகொண்டு, எல்லாம் போயிற்று என்று நினைத்தாள்.

"தண்ணியை நிறுத்திட்டு இங்க வா" என்றார்.

போனாள். அவர் முகத்தில் அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"இதை நீ எனக்குப் படிச்சதில்ல."

அவர் தேடலில் அந்தச் சொல்லை அடித்து, ஒவ்வொரு இடமாகப் போக ஆரம்பித்தார். இயந்திரம் படிக்கும், அவர் தலையை ஆட்டுவார். "இது கேட்டிருக்கேன். வேகமா படிப்பே, இப்ப ஏன்னு தெரியுது... இது கேட்டதில்ல... இதுவும் கேட்டதில்ல." அவள் மறைத்து வைத்தவையெல்லாம் வரிசையாகக் கூடத்துக்குள் வந்து நின்றன. கடைசியில் அவர் விசையிலிருந்து கையை எடுத்தார்.

"என்னைப் பச்சைக் குழந்தைன்னு நினைச்சியா? ஆஸ்பத்திரி போன்ல நான் தினமும் என்னென்ன சேதி கேட்கறேன் தெரியுமா? இந்தப் பட்டியலைத் தாங்க மாட்டேனா?" குரல் உயர்ந்தது. கோபம் வந்தால் அவருக்குக் காது மடல் சிவக்கும், சிவந்திருந்தது. அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவர் மறுபடி பேசியபோது குரல் தணிந்திருந்தது.

"நான் முன்னால போய் நிக்கறப்பெல்லாம் நீ இதை நெஞ்சுல வச்சுக்கிட்டுத்தான் உட்கார்ந்திருந்தியா? வாரா வாரமா?"

"ம்."

"எனக்குப் படிக்காம நீ இருந்தே. உனக்குப் படிக்காம இருக்க யாரு இருந்தா?"

அவளை அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அவள் உட்கார்ந்துவிட்டாள். அவர் கையை நீட்டித் துழாவி, அவள் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டார். இந்த மனுஷரையா பட்டியல் ஒன்று சாய்த்துவிடும் என்று பயந்தோம் என்று அவளுக்கு மலைப்பாக இருந்தது.

"அந்தப் பட்டியல் எங்க போய் முடியுதுன்னு தெரியுமா உனக்கு?"

தெரியாது. முதல் சொல்லைக் கண்டதும் தாண்டியவள்தானே. சுற்றுக்குச் சுற்று அங்கேதான் தாண்டினாள். அதற்குக் கீழே என்ன இருக்கிறதென்று ஒருதடவைகூட அவள் கண் போனதில்லை.

"புஸ்தகத்தை எடு. நீ படி."

"குரல்..."

"காத்து வந்தாப் போதும். எனக்குக் கேட்கும்."

எடுத்து வந்தாள். அவர் நாற்காலியை இழுத்து, காதை அவள் வாய்க்கு அருகே வைத்துக்கொண்டார். அவள் படித்தாள். அந்தச் சொல் வந்ததும் மூச்சு நின்றது. அவர் பொறுமையாக இருந்தார். சொன்னாள். தரை பிளக்கவில்லை. நொண்டி வந்தான், கை ஒடிந்தவன் வந்தான், கூனன் வந்தான். பட்டியல் நீண்டு, கிட்டே வரக்கூடாது என்று மறுபடி சொல்லி முடிந்தது. அவள் நிறுத்தினாள்.

"மேல படி."

அடுத்த வரிக்குப் போனாள். பலிபீடத்துக்கு வரக்கூடாதென்ற அதே ஆளுக்கு, அங்கே படைத்த உணவில் பங்கு உண்டு என்றிருந்தது. சாதாரணப் பங்கு மட்டுமல்ல, இருப்பதிலேயே பரிசுத்தமான பங்கும் அவன் சாப்பிடலாம் என்றிருந்தது. அவள் விரலை வைத்து மறுபடி படித்தாள். கண் தெரிந்த அவள், கையில் வைத்துக்கொண்டிருந்தே, இத்தனை வருஷமாகப் பார்க்காத வரி.

"பார்த்தியா?" என்றார். "கிட்ட வராதேன்னு சொன்ன வாய், பந்தியில இலையும் போட்டிருக்கு. அந்த முதல் பாதி எனக்குப் பிடிக்கல, சொல்லிடறேன். அது எனக்கும் அவருக்கும் உள்ள வழக்கு, ஜெபத்துல கேட்டுக்கறேன். ஆனா இந்த ரெண்டாவது பாதியை நீ கேட்காமலே இருந்துட்டியே. அதான் உன்னையே படிக்கச் சொன்னேன்."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். கேட்க வேண்டியது ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

"அடுத்த ஞாயிறு முன்னால போவீங்களா?"

"பின்ன போகாம? வழக்கு இருக்குன்னு சொன்னேன்ல" என்றார். "நீ மட்டும் இனிமே பயந்துக்கிட்டு உட்காராதே. இப்ப அந்த ரெண்டாவது பாதியை இன்னொரு தடவை படி."

அவள் படித்தாள். இருக்கிற காற்றையெல்லாம் சேர்த்து, அந்த வரியை மட்டும், அவர் போதும் என்று சொல்லும்வரை படித்துக்கொண்டே இருந்தாள்.